பாஸ்கெட்பால் போஸ்ட் வாங்கும்போது கீழிருந்து மேலே பாருங்கள்

கேள்வி கேட்டவர் பெங்களூரு கம்மனஹள்ளியில் சொந்த வீட்டில் இருக்கிறார். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம் 16 அடி அகலம், 20 அடி நீளம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பாஸ்கெட்பால் போஸ்ட் போட வேண்டும். சக்கரம் வைத்த போஸ்டா, சுவரில் மாட்டுவதா, தரையில் நடுவதா, கண்ணாடி போர்டு நல்லதா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் பெற்றோர்கள் பணம் சேர்த்து ஒரு ஜோடி போஸ்ட் வாங்கித் தரப் போகிறார்களாம். அதற்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். இருபத்து நான்கு வருடமாக இந்த ஊர்ப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். பள்ளிக்காகவும், தெரிந்தவர்கள் வீட்டுக்காகவும் கூடப் போய் நின்று நிறைய போஸ்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்து போர்டைத்தான் பார்க்கிறார்கள். போர்டு பளபளவென்று இருந்தால் மனசு அங்கேயே விழுந்துவிடுகிறது. நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் தரை, அப்புறம் கம்பம், அப்புறம் ரிங், கடைசியில் போர்டு. பணத்தையும் அந்த வரிசையிலேயே ஒதுக்குங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ரிங்கின் உயரம். உங்கள் பத்து வயது மகளுக்கு அதுதான் முக்கியம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ரிங் 10 அடி, அதாவது 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்தடி எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அன்று ஆடியவர்கள் வளர்ந்த இளைஞர்கள். நாலரை அடி உயரமுள்ள குழந்தையை மனதில் வைத்து யாரும் அந்த அளவைத் தீர்மானிக்கவில்லை. அதனால்தான் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான மினி பாஸ்கெட்பாலில் ரிங்கை 2.60 மீட்டரில், நம் கணக்கில் எட்டரை அடியில், வைக்கிறார்கள். பந்தும் சின்னது, 5-ஆம் நம்பர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆண்கள் ஆடும் 7-ஆம் நம்பர் பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். நேர் மேலிருந்து பந்து இறங்கினால் 45 சென்டிமீட்டர் வாய் முழுவதும் அதற்குத் திறந்திருக்கும். பந்து சாய்வாக வர வர, அதன் பார்வையில் அந்த வாய் ஒடுங்கிக்கொண்டே போகும். 45 பாகைச் சாய்வில் வந்தால் 32 சென்டிமீட்டர்தான். 30 பாகையில் வந்தால் 23 சென்டிமீட்டர்கூட இல்லை. பந்து 24, வாய் 23. எவ்வளவு குறி பார்த்துப் போட்டாலும் முன் விளிம்பிலோ பின் விளிம்பிலோ இடிக்காமல் உள்ளே போகாது. சின்னப் பிள்ளைக்குப் பத்தடி ரிங் வைத்தால் நடப்பது இதுதான். பந்தை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதிலேயே பலம் முழுவதும் தீர்ந்துவிடும். ரிங்கைத் தாண்டி மேலே எழும்பி வளைந்து இறங்க அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. பந்து தட்டையாகப் போய் இரும்பில் மோதித் திரும்பும்.

என்னிடம் நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பந்தை இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், முழங்காலை மடக்கி, குடத்துத் தண்ணீரை வீசி ஊற்றுவதுபோல மேலே எறிவாள். எப்போதாவது ஒன்று விழும். அது விழுந்த சந்தோஷத்தில் அந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிடும். மைதானத்துச் சுவரில் எட்டரை அடியில் ஒரு ரிங் மாட்டி, 5-ஆம் நம்பர் பந்தைக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பந்து நெற்றிக்கு மேலே ஏறியது, முழங்கை பந்துக்கு அடியில் வந்தது, எறிந்து முடித்ததும் மணிக்கட்டு மடிந்து கீழே தொங்கியது. இதெல்லாம் நான் வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ரிங்கைக் கீழே இறக்கியபோதுதான் அவள் கைக்கு வந்தது.

ஆகவே வீட்டுக்கு வாங்கும் போஸ்ட் எதுவாக இருந்தாலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். குறைந்தது ஏழரை அல்லது எட்டடியிலிருந்து பத்தடி வரை. மகள் ஆடும்போது எட்டரை, மகன் ஆடும்போது பத்து. இந்த ஏற்ற இறக்கத்தைத் தினமும் செய்யப் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நட்டைக் கழற்றி வேறு துளையில் மாட்டும் வகை என்றால் இரண்டாவது வாரமே யாரும் தொடமாட்டார்கள், ரிங் பத்தடியிலேயே நின்றுவிடும். கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் வகை கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளையே சுற்றிக்கொள்ளலாம், விரல் நசுங்காது. கம்பத்துக்குள் கம்பம் நுழையும் வகையில், ஊசியை உருவியதும் மேல் பாகம் மொத்தமும் கையில் இறங்கும். அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

சரி, இப்போது தரைக்கு வருவோம்.

சக்கரம் வைத்த நகரும் போஸ்டைத்தான் நம் ஊரில் அதிகம் வாங்குகிறார்கள். குழி தோண்ட வேண்டாம், வீடு மாறினால் எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு வேறு வழியும் கிடையாது. அதன் பிளாஸ்டிக் அடித்தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்ப வேண்டும். பலரும் பாதி நிரப்பிவிட்டு, நகர்த்த வசதியாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொட்டியின் முன் விளிம்பை தராசின் நடு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் பாரம் அந்த விளிம்புக்கு அரை மீட்டர் பின்னால் இருக்கிறது. ரிங் அதற்கு முக்கால் மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாதி நிரப்பிய தொட்டி 50 கிலோ என்றால், அதை ரிங்கில் தொங்கும் 33 கிலோ சமன் செய்துவிடும். போர்டின் எடையே ஏற்கனவே முன்பக்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பதினாலு வயதுப் பையன் 45, 50 கிலோ இருப்பான். துள்ளிப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் போஸ்ட் அவன் மேலேயே வரும். முழுக்க நிரப்பினால்தான் ஏதோ ஒரு பாதுகாப்பு. அப்போதும் தொங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகவே இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மே மாதச் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே கோடை மழைக்கு முன்னால் எப்படிக் காற்று சுழன்றடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், தூறல் விழுந்ததும் அம்மாக்கள் கூப்பிட உள்ளே ஓடினார்கள். பத்து நிமிடத்தில் ஒரு காற்று. அகலமான போர்டு பாய்மரம்போலக் காற்றை வாங்கிக்கொண்டது. போஸ்ட் முன்பக்கமாகச் சாய்ந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மேல் விழுந்தது. ரிங் வளைந்தது, போர்டு மூலையிலிருந்து மூலைக்குக் கீறியது. மறுநாள் தொட்டியை நிமிர்த்தித் தட்டிப் பார்த்தேன், மொடமொடவென்று காலிச் சத்தம். மூடி எப்போதோ தொலைந்துபோய், வெயிலில் தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. அடியில் நின்ற கொஞ்சத் தண்ணீரில் கொசுப் புழு நெளிந்தது. டெங்கு சீசனில் அது வேறு.

அதனால் நகரும் போஸ்ட்தான் என்று முடிவானால் மணல் போடுங்கள். 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 100 கிலோ. அதே தொட்டியில் உலர்ந்த மணல் 150 கிலோவுக்குக் குறையாது. வற்றாது, ஒழுகாது, கொசு வராது. எம்-சாண்ட் எங்கேயும் கிடைக்கிறது. புனல் வைத்துத் தொட்டி வாய்வழியாக நிரப்ப ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகும், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அதை நகர்த்துவது கஷ்டம், நல்லதுதான். கடையில் வாங்கும்போது தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், விற்பவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியில் அச்சிட்டிருக்கும். பெரிய பையன் ஆடும் வீட்டுக்கு 100 லிட்டருக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

உங்களுடையது சொந்த வீடு. ஆகவே சுவரும் தரையும் உங்கள் கையில் இருக்கின்றன. சுவரில் மாட்டுவதாக இருந்தால், அந்தச் சுவர் எதனால் கட்டியது என்று தெரியாமல் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். பெங்களூரில் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் கான்கிரீட் பிளாக் அல்லது எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர்தான் நான் பார்த்தது. ஹாலோ பிளாக்கில் போல்ட் போட்டால் உள்ளே வெற்றிடம், பிடிமானம் ஓரத்து ஒன்றரை அங்குலம்தான். ஏஏசி-யில் துளைபோடும்போதே மாவு மாதிரி கொட்டும். அந்தச் சுவர்கள் புகைப்படத்தையும் அலமாரியையும் தாங்கும். ஆடும் பாரத்தைத் தாங்காது.

எவ்வளவு பாரம் என்று பார்ப்போம். போர்டு 25 கிலோ, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. ரிங்கின் நடு சுவரிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர். அதில் 60 கிலோ ஆள் ஒருவர் தொங்கினால், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் மேல் வரிசை போல்ட்டுகளை 160 கிலோவுக்கு மேல் வெளியே பிடுங்கும். ஆட்டினால் அதுவே இரட்டிப்பாகலாம். கவனியுங்கள், பிடுங்குவது மேல் வரிசை மட்டும்தான். கீழ் வரிசை சுவரை உள்ளே அழுத்தும். ஆகவே மேல் வரிசை கான்கிரீட் பீமில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நம் வீடுகளில் இதற்குத் தோதாக ஒன்று அமைந்திருக்கிறது. அடித்தளம் தரைக்கு மேலே ஒன்றரை, இரண்டடி. அதன்மேல் பத்தடித் தளம். முதல் மாடி பீம் கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் பதினொன்று, பன்னிரண்டு அடியில் வரும். போர்டின் முதுகும் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது. வீடு கட்டிய மேஸ்திரியையோ இன்ஜினியரையோ கூப்பிட்டு பீமின் இடத்தைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கீழ் வரிசைக்கு அகலமான இரும்புத் தகடு ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்தால் அழுத்தம் பரவிவிடும்.

சுவரில் மாட்டுவதில் வேறொரு குறை இருக்கிறது. ஓடி வந்து ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போடுகிற (லே-அப்) பையன் எங்கே போய் நிற்பான்? சுவரில்தான். பள்ளி மைதானத்தில் போர்டு எல்லைக்கோட்டுக்கு 1.20 மீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது அதற்காகத்தான். போர்டைத் தாங்கி முன்னால் நீளும் இரும்புக் கையை 60 சென்டிமீட்டரில் முடித்துவிட்டால் இடம் மிச்சம், மூக்கு பாக்கி இருக்காது. 90 சென்டிமீட்டர் வையுங்கள், சுவரில் ஆள் உயரத்துக்குத் தடித்த ஃபோம் மெத்தை கட்டுங்கள். அடுத்த அறையில் யாராவது படிக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள் என்றால் இதையும் யோசியுங்கள்: பந்து போர்டில் விழும் ஒவ்வொரு அடியும் சுவர்வழியே உள்ளே கேட்கும்.

மூன்றாவது வழி, தரையில் நடுவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு சம்ப் எங்கே இருக்கிறது? காவேரித் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியை நம் ஊரில் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில்தான் கட்டுவார்கள். அதன் மூடி மட்டும்தான் மேலே தெரியும், தொட்டி மூடியைவிட நாலைந்து மடங்கு அகலம். அதன் மேல்தளத்தில் குழி எடுத்தால் தண்ணீர்த் தொட்டியே போய்விடும். சாக்கடைக் குழாயும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் வாசலுக்குப் போகும். வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் சம்ப் மூடியைத் திறந்து ஒரு நீளக் கம்பியை நாலு பக்கமும் விட்டுச் சுவர் எங்கே தட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நகரும் போஸ்ட் வைப்பதானாலும் அந்த மூடியை மறைத்துவிடாதீர்கள்.

இடம் சரியாக இருந்தால் ஒரு காம்பவுண்டு ஓரமாக நாலடி ஆழம், இரண்டரை அடிச் சதுரம் குழி எடுக்கச் சொல்லுங்கள். கம்பத்தை நேராகக் கான்கிரீட்டில் புதைப்பதைவிட, வளைந்த ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் பதித்து, மேலே தகடு வைத்துக் கம்பத்தை நட்டுப் போட்டு முடுக்கும் வகையே நல்லது. கம்பம் துருப்பிடித்தாலோ வீடு மாறினாலோ கழற்றிக்கொள்ளலாம். போல்ட்டுகளை நிறுத்த, கம்பத்தோடு வந்த தகட்டையே அச்சாக வையுங்கள். மேஸ்திரி கண் அளவில் வைத்தால் பிறகு துளை சேராது. கான்கிரீட் 28 நாளில்தான் முழு பலத்துக்கு வரும், ஒரு வாரத்தில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு. தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருங்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள்தான், ஆனாலும் நாலு வாரம் போகட்டும். மேல் முகத்தைத் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி, நாலு பக்கமும் சரிவாகப் பூசினால் மழைத்தண்ணீர் கம்பத்தடியில் தேங்காது. கம்பம் எப்போதும் முதலில் துருப்பிடித்து அற்றுப்போவது அந்த அடி விளிம்பில்தான். கம்பத்தின் மேல்வாய் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் அழகாகவே இருக்கும்.

உங்கள் இருபதடியில் எது பொருந்தும்? இருபதடி என்பது 6.1 மீட்டர். ஃப்ரீ த்ரோ கோடு, அதாவது யாரும் மறிக்காமல் நின்று பந்தை எறியும் கோடு, போர்டின் முகத்திலிருந்து 4.60 மீட்டர். நகரும் போஸ்டின் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் போர்டின் முகம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிடும். பையன் கோட்டில் நின்றால் குதிகால் கேட்டில் இடிக்கும். சுவரில் 90 சென்டிமீட்டரில் மாட்டினால் கோட்டுக்குப் பின்னால் அரை மீட்டருக்கு மேல் மிச்சம். தரையில் நட்டால் கம்பத்தின் கையைப் பொறுத்து ஏறக்குறைய அதே அளவு. என் முடிவு: சம்ப் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் தரையில் நடுங்கள், குறுக்கே கிடந்தால் பீமில் மாட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு நகரும் போஸ்ட் வேண்டாம். மேலே மின்சாரக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்றும், சாயங்காலச் சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்றும் ஒரு நாள் ஐந்து மணிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். மேற்கே பார்த்து ஷூட் பண்ண வேண்டி வந்தால் பிள்ளைகள் கண்ணைக் கூசிக்கொண்டுதான் ஆடுவார்கள்.

ரிங்கைப் பற்றி. கம்பியின் தடிமன் 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருப்பதுதான் முறையான அளவு. கையோடு ஒரு அளவுகோல் எடுத்துப் போங்கள். குழாயை வளைத்துச் செய்த ரிங்குகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விரலால் சுண்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டிக் கம்பி மணிபோல ஒலிக்கும், குழாய் டொக்கென்று கேட்கும். பதினாலு வயதுப் பையன் இன்னும் இரண்டு வருடத்தில் ரிங்கைத் தொட எம்புவான், ஆகவே ஸ்பிரிங் வைத்து முன்னால் மடங்கி மீளும் ரிங்காக வாங்குங்கள். இங்கே கடையில் டங்க் ரிங் என்று கேட்டால் தெரியும். ஸ்பிரிங் இழுவையைத் தணிக்கும், அந்த அளவுக்குக் கம்பமும் போல்ட்டும் பிழைக்கும். அதற்காகத் தொங்கலாம் என்று பொருளில்லை.

அடுத்து வலை மாட்டும் கொக்கி. பழைய ரிங்குகளில் வெட்டி வளைத்த கம்பித் துண்டுகள் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எம்பும் விரல் அதில்தான் கிழியும். விரல் நுழையும் இடுக்கு எதுவுமே இருக்கக் கூடாது, 8 மில்லிமீட்டருக்கு மேல் எந்த இடைவெளியும் ஆகாது என்பது போட்டி ரிங்குகளுக்கு விதி. வீட்டு ரிங்குக்கும் அதையே பாருங்கள்: உங்கள் சுண்டுவிரலை ரிங்கின் அடியில் முழு வட்டமும் ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது மாட்டினால் அந்த ரிங்கை வாங்காதீர்கள். வலை பன்னிரண்டு கண்ணி, நைலான் போதும். கிழிந்தால் அன்றே மாற்றுங்கள், தொங்கும் நூலில் விரல் சிக்கும்.

இன்னொன்று, கடையில் ரிங்குக்குள் இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழையும் என்று சொல்லிக் காட்டுவார்கள். 7-ஆம் நம்பர் பந்து இரண்டு சேர்ந்தால் 48 சென்டிமீட்டர், ரிங் 45 சொச்சம். அப்படி நுழைந்தால் ஒன்று ரிங் பெரியது, அல்லது பந்தில் காற்று இல்லை.

போர்டு. போட்டி அளவு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், 16 அடி அகலத்துக்கு 48 முதல் 54 அங்குல போர்டு போதும். ரிங்குக்குப் பின்னால் வரைந்திருக்கும் சின்னச் சதுரம் மட்டும் 59-க்கு 45 சென்டிமீட்டர் என்ற சரியான அளவில் இருக்கட்டும், பிள்ளைகள் குறி வைக்கப் பழகுவது அதில்தான். மெல்லிய பிளாஸ்டிக் போர்டில் பந்து செத்து விழும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் அதிரும், வெயிலில் மஞ்சளாகும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத அக்ரிலிக் வீட்டுக்குச் சரியான நடுவழி. டெம்பர்டு கண்ணாடியில்தான் பந்து மிகச் சீராகத் திரும்பும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் எடையைத் தாங்க எல்லாவற்றையும் ஒரு படி பெரிதாக்க வேண்டும், தெருவில் கிரிக்கெட் ஆடும் ஊரில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதும் யோசனை. நான் வேண்டாம் என்பேன்.

போர்டின் தரத்தைவிட அதன் முதுகைப் பாருங்கள். ரிங் எதில் மாட்டியிருக்கிறது? போர்டிலேயே துளைபோட்டு மாட்டியிருந்தால் ஒவ்வொரு அடியும் அந்தத் துளையைப் பெரிதாக்கும், ஒருநாள் அங்கிருந்து கீறல் கிளம்பும். ரிங்கின் பாரம் போர்டுக்குப் போகாமல் நேராகப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்துக்குப் போக வேண்டும். கடையிலேயே முன்னால் நின்று போர்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, ஆட்டம் அடங்க எத்தனை எண்ணுகிறோம் என்று பாருங்கள். நல்ல சட்டம் இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிடும்.

இனி பள்ளி. இதற்குச் சேர்த்த பணம் பெற்றோர்கள் பணம் என்பதால் மனம்விட்டே சொல்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு பள்ளியில் கண்ணாடி போர்டோடு ஒரு ஜோடி வாங்கினார்கள். திறப்பு விழாவில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பத்துக்கு மெத்தை வாங்கப் பணம் மிஞ்சவில்லை. அந்த வருடமே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வேகத்தில் போய்க் கம்பத்தில் முகத்தைக் கொடுத்தான், முன்பல் இரண்டு போனது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை, அன்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே விலைப்பட்டியல் கேட்கும்போதே கம்பத்தின் மெத்தையைச் சேர்த்துக் கேளுங்கள். தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரம் வரை, ஆடும் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் தடிமன். கம்பம் எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டராவது பின்னால் நிற்க வேண்டும், போர்டு 1.20 மீட்டர் உள்ளே நீள வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையைச் சுருக்கி விற்பதுதான் விலையைக் குறைக்க எல்லோரும் செய்வது.

மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வரும் போஸ்டுகள் பரவாயில்லை, ஆனால் லாரி வாடகை சேரும். நம் ஊர் பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு வேலை செய்யும் நல்ல ஃபேப்ரிகேட்டர் கிடைத்தால் கம்பத்தை இங்கேயே செய்து, ரிங்கையும் போர்டையும் மட்டும் வெளியே வாங்கலாம். ஆறு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், வெல்டிங் விட்டுவிட்டுப் பொட்டு வைத்ததுபோல இல்லாமல் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் நேரில் போய் வெல்டிங்கைப் பாருங்கள், அடித்தபின் எதுவும் தெரியாது. திறந்தவெளி மைதானத்துக்கு பிளைவுட் போர்டு வேண்டவே வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். ஃபைபர் அல்லது தடித்த அக்ரிலிக் போதும்.

கண்ணாடியை விட்டதில் மிச்சமாகும் பணத்தை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், மைதானத்துச் சுவர் ஓரமாக நாலு சின்ன ரிங் போடச் சொல்வேன். 2.60 மீட்டர் உயரத்தில், சாதாரண நிலையான ரிங். பி.டி. பீரியடுக்கு நாற்பது பிள்ளைகள் வருவார்கள். இரண்டு ரிங் இருந்தால் கைக்குப் பந்து வருவதற்குள் மணி அடித்துவிடும், அதிலும் நல்லா ஆடுகிற ஐந்தாறு பேரிடமே பந்து சுற்றும். ஆறு ரிங் இருந்தால் ஆறேழு பேருக்கு ஒரு ரிங். இங்கே கண்டீரவா ஸ்டேடியத்தில் 2017-இல் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்றது. அந்த வயதுக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் எங்கோ ஒரு ரிங் கைக்கெட்டும் உயரத்தில் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் மகள் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு அது கிடைக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

போஸ்ட் வந்து இறங்கும் நாளில் மேஸ்திரியிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரிங்கின் மேல் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும், முன்பக்கம் கொஞ்சம் தலைகுனிந்திருப்பது சகஜமான கோளாறு. உயரத்தைத் தரைப்பூச்சு முடிந்த பிறகு அளங்கள். பூச்சுக்கு முன்னால் அளந்து நிறுத்தினால் பூச்சின் தடிமன் அளவுக்கு ரிங் குறைந்துவிடும். ஃப்ரீ த்ரோ கோட்டைக் கம்பத்திலிருந்து அளப்பவர்கள் அதிகம். போர்டின் முகத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து 4.60 மீட்டர் அளங்கள். ஒரு மாதம் ஆடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள், முதல் மாதத்தில்தான் அதிகம் தளரும். பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும்.

ஆடப் போகும்போது மகள் கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை பையனோடு இறங்குவார் என்றால் அவருடைய மோதிரத்தையும்தான். எம்பித் தொட்டு இறங்கும்போது மோதிரம் வலையிலோ கொக்கியிலோ மாட்டினால் உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கும்.

பீமில் மாட்டுவதா, தரையில் நடுவதா என்று முடிவானதும் சம்ப் எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கம்பத்தின் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.